பழைய செவர்லே பிக்கப்பின் பவர் ஸ்டீயரிங்

எண்ணெய் அழுத்தத்தைக் கொண்டு ஓட்டுநரின் கைக்குத் துணை நிற்கும் ஏற்பாடே ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். பழைய பிக்கப் வண்டிகளில் அது எப்படி வேலை செய்கிறது, எங்கே மக்கர் செய்கிறது என்று பார்க்க, அமெரிக்காவில் 1973 முதல் 1987 வரை வந்த செவர்லே சி/கே வரிசை நல்ல உதாரணம். சதுரமான தோற்றத்தால் ‘ஸ்கொயர் பாடி’ என்ற செல்லப்பெயர் பெற்ற வண்டிகள் இவை. ‘சி’ என்றால் பின்சக்கர இயக்கம், ‘கே’ என்றால் நான்கு சக்கர இயக்கம். பெரும்பாலானவற்றில் எட்டு சிலிண்டர் எஞ்சின் முன்சக்கரங்களின் மேல் பாரமாக உட்கார்ந்திருக்கும். பவர் உதவி போய்விட்டால், நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடிப்பது ஆட்டுக்கல்லை ஒற்றைக் கையால் சுற்றுவதற்குச் சமம்.

இந்த நுட்பத்துக்கு வழி திறந்தவர் பிரான்சிஸ் டேவிஸ். பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்தவர். கனரக வண்டிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாடு அவர் நேரில் கண்டது. வேலையை விட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் ஊரில் பட்டறை வைத்து, 1926இல் ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் தன் கருவியைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அவரோடு ஒப்பந்தம் போட்டது. ஆனால் பெருமந்தக் காலத்தில் செலவுக்கு அஞ்சிக் கைவிட்டது. இரண்டாம் உலகப்போரின் ராணுவ வண்டிகளில் புழங்கிய பிறகுதான், 1951இல் கிரைஸ்லர் இம்பீரியல் கார் வழியாக இது பொதுச் சந்தைக்கு வந்தது. அதற்குள் டேவிஸின் காப்புரிமைகள் சில காலாவதியாகியிருந்தன. அடுத்த ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் கார்களில் இதைக் கொடுத்தது. மிச்சிகன் மாநிலத்தின் சாகினா நகரில் இருந்த அதன் ஸ்டீயரிங் பிரிவு தயாரித்த எண்ணெய் பம்பும், கையின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ஸ்டீயரிங் பாக்ஸும்தான் பின்னாளில் செவர்லே பிக்கப்புகளிலும் ஏறின. இன்றும் மெக்கானிக்குகள் அவற்றை ‘சாகினா பம்ப்’, ‘சாகினா பாக்ஸ்’ என்று ஊர்ப்பெயரால்தான் அழைக்கிறார்கள்.

உள்ளே நடப்பது எளிமையானது. எஞ்சின் பெல்ட் பம்பைச் சுற்றுகிறது. பம்பின் ரோட்டரில் பத்து மெல்லிய தகடுகள் வெளியே சறுக்கி, சுவரை உரசியபடி எண்ணெயைத் தள்ளுகின்றன. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பினால், பாக்ஸுக்குள் உள்ள சிறு முறுக்குக் கம்பி கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கில் வால்வு திறக்கும். எண்ணெய் பிஸ்டனின் ஒரு பக்கத்தை அழுத்தும். பிஸ்டனின் பற்கள் குறுக்கு அச்சைத் திருப்ப, அதன் முனையில் உள்ள பிட்மன் ஆர்ம் சக்கரங்களைத் தள்ளும். முழுக்க ஒடித்த நிலையில் அழுத்தம் 1,000 பிஎஸ்ஐயைத் தாண்டிவிடும். எண்ணெய் மொத்தமும் கொட்டிப் போனாலும் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தொடர்பு இருப்பதால் வண்டி திரும்பும், பாரம்தான் கூடும்.

பராமரிப்பு என்பதில் பெரும்பகுதி எண்ணெயைக் கவனிப்பதுதான். பம்பின் மூடியைக் கழற்றினால் அதோடு ஒட்டிய சிறு அளவுக்குச்சி வரும். அதில் ‘ஹாட்’, ‘கோல்ட்’, ‘ஆட்’ என மூன்று குறிகள். ஓடிச் சூடான வண்டியில் எண்ணெய் ஹாட்டுக்கும் கோல்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். குளிர்ந்த வண்டியில் கோல்டுக்கும் ஆடுக்கும் நடுவே. காலையில் பார்த்து, “குறைகிறதே” என்று ஹாட் குறிவரை ஊற்றிவிடுபவர்கள் உண்டு. எண்ணெய் சூட்டில் விரிந்து மூடி வழியே வழியும். பிறகு அந்த வழிசலை ஒழுக்கு என்று நினைத்து இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

குச்சியில் ஒட்டிவரும் எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். வெளிர் மஞ்சளாகத் தெளிந்திருந்தால் கவலையில்லை. காபிக் கறுப்பில், தீய்ந்த வாசனையோடு இருந்தால் மாற்றும் காலம் கடந்துவிட்டது. மினுமினுக்கும் இரும்புத் துகள் தென்பட்டால் பம்ப் தன்னைத்தானே அரைத்துக்கொள்கிறது என்று பொருள். நுரைத்து மோர் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது.

எந்த எண்ணெயை ஊற்றுவது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. செவர்லே வண்டிகளுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் தனி பவர் ஸ்டீயரிங் எண்ணெயையே சொன்னது. அதே காலத்து ஃபோர்டு பிக்கப்புகள் கேட்டது ஆட்டோமேட்டிக் கியருக்கான சிவப்பு எண்ணெயை. “எல்லாம் எண்ணெய்தானே” என்று கிடைத்ததை ஊற்றக் கூடாது. அந்தந்த வண்டியின் கையேடு சொல்வதே கணக்கு. பிரேக் எண்ணெயை இதில் ஊற்றிவிட்டால் கதை முடிந்தது. கிளைகால் கலந்த அந்தத் திரவம் இந்த ரப்பர் சீல்களுக்கு ஆகாது. நேர்மாறாக, ஸ்டீயரிங் எண்ணெய் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டருக்குள் போனால் அங்குள்ள ரப்பர் ஊதிப்போய் பிரேக்கே சிக்கிக்கொள்ளும். இரண்டு மூடிகளும் ஒரே பானட்டுக்குள் இருப்பதால் இருட்டில் இது நடக்கக்கூடியதுதான்.

எண்ணெயை மாற்ற, பம்புக்குத் திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி அதன் நுனியை ஒரு பாட்டிலில் விட வேண்டும். பம்பின் அந்த வாயை அடைத்துவிட்டு, முன்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்தபடியே ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஒடித்தால் பழையது வெளியேறும். ஒருவர் ஒடிக்க, இன்னொருவர் மேலே புது எண்ணெயை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு லிட்டர் இருந்தால் தாராளம்.

ஏர் எடுப்பதும் இதே நிலையில்தான். இங்கே அவசரம் ஆகாது. ஹோஸை மாட்டியதும் எஞ்சினைப் போட்டுவிட்டால், உள்ளே இருக்கும் காற்றை பம்ப் எண்ணெயோடு கடைந்துவிடும். கடைந்த நுரை எளிதில் அடங்காது. எஞ்சின் நின்ற நிலையில், மெதுவாக, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இருபது தடவைக்குக் குறையாமல் ஒடித்து, குமிழ் வருவது நின்ற பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். பம்ப் முனகினால் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் விடலாம், காற்று தானே மேலேறும். எஞ்சின் ஓடும்போது முழுக்க ஒடித்த நிலையில் ஐந்து நொடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது. அந்த நேரத்தில் பம்ப் உச்ச அழுத்தத்தில் எண்ணெயைத் தனக்குள்ளேயே சுழற்றிச் சுட்டுக்கொள்கிறது.

காது பழகியவர்களுக்குச் சத்தமே பாதி விடை. திருப்பும்போது மட்டும் ‘கீச்’சென்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் முனகல், எண்ணெய்க் குறைவையோ காற்றையோ காட்டும். இவ்வண்டிகளின் வி-பெல்ட்டை இரு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் அமுங்க வேண்டும். பெல்ட்டை இறுக்கும்போது நெம்புகோலைப் பம்பின் எண்ணெய்த் தொட்டியில் முட்டுக்கொடுத்து நெம்புவது பட்டறைகளில் காணும் பழைய பாவம். அந்தத் தொட்டி மெல்லிய தகரம். ஒருமுறை நசுங்கினால் அதற்கும் பம்பின் உடலுக்கும் இடையிலுள்ள ரப்பர் வளையம் சரியாக உட்காராது. அன்று தொடங்கும் கசிவு பம்பைப் பிரிக்காமல் நிற்காது. பிராக்கெட்டைப் பிடித்து நெம்புவதே முறை. சில பிராக்கெட்டுகளில் அதற்கென்றே சதுரத் துளை விட்டிருப்பார்கள்.

கசிவைத் தேடுவதில் ஒரு குழப்பம் உண்டு. எண்ணெய் மேலே ஒழுகினாலும் சொட்டுவது மிகத் தாழ்ந்த இடத்தில்தான். அதனால் பழி எப்போதும் ஸ்டீயரிங் பாக்ஸின் தலையில் விழும். எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, லேசாக டால்கம் பவுடரைத் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் ஈரத்தின் தடம் தெரியும். பெரும்பாலும் திரும்பி வரும் ஹோஸின் காய்ந்த ரப்பரிலோ, தளர்ந்த கிளிப்பிலோ அது தொடங்கியிருக்கும். மாற்று ஹோஸ் எண்ணெய் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும். ரேடியேட்டர் வாட்டர் ஹோஸை வெட்டி மாட்டினால் சில மாதத்தில் உள்ளே கூழாகிவிடும். அழுத்தக் குழாயை எஞ்சின் ஓடும்போது கையால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசித்துளையிலிருந்து பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

அடுத்த புகார், ஸ்டீயரிங்கில் ‘ஆட்டம்’. நேர் சாலையில் வண்டி அலைகிறது, கை இரண்டு அங்குலம் திரும்பியும் சக்கரம் அசைவதில்லை. உடனே பாக்ஸை மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் ஒருவர் ஸ்டீயரிங்கை இலேசாக ஆட்ட, இன்னொருவர் கீழே ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்து வருவது நல்லது. ஸ்டீயரிங் தண்டும் பாக்ஸும் சேரும் இடத்தில் துணி கலந்த ரப்பர் வட்டு ஒன்று இருக்கிறது, பெயர் ‘ராக் ஜாயின்ட்’. அதிர்வைத் தடுக்க வைத்த அது, வருடங்கள் போனால் வெடித்துத் தொளதொளத்துவிடும். தண்டு திரும்பிய பிறகும் பாக்ஸின் அச்சு சும்மா நின்றால் குற்றவாளி அதுதான். அச்சு திரும்பியும் பிட்மன் ஆர்ம் அசையவில்லை என்றால்தான் பாக்ஸின் மேல் சந்தேகப்பட வேண்டும். பிட்மன் ஆர்ம் அசைந்தும் சக்கரம் தாமதித்தால், இடையில் இணைக்கும் டை ராடு எண்டுகள் தேய்ந்திருக்கின்றன.

பாக்ஸின் மேல் ஒரு நட்டும் அதற்குள் ஒரு ஸ்குருவும் தெரியும். அதைத் திருகினால் ஆட்டம் குறைவது உண்மை. குறைகிறதே என்று இன்னும் திருகத் தோன்றும். கால் சுற்றுக்கு மேல் போனால் நேர் நிலையில் பற்கள் இறுகி, திரும்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராது. தேய்ந்த பாக்ஸை இந்த ஸ்குருவால் சரிக்கட்டியவர்கள் கடைசியில் பாக்ஸையும் வாங்கினார்கள், இடையில் சில மாதம் பயந்து பயந்தும் ஓட்டினார்கள்.

கனரக மாடல்களிலும் டீசல் மாடல்களிலும் சிலவற்றில் பிரேக்கின் பலமும் இதே பம்பிலிருந்து வருகிறது. டீசல் எஞ்சினில் பிரேக் பூஸ்டருக்குத் தேவையான வெற்றிடம் இயல்பாகக் கிடைக்காது. அதனால் ஸ்டீயரிங் எண்ணெயைக் கொண்டே பிரேக்கை அழுத்தும் ‘ஹைட்ரோபூஸ்ட்’ கருவியை வைத்தார்கள். இவ்வகை வண்டியில் பெல்ட் அறுந்தால் ஸ்டீயரிங்கோடு பிரேக்கும் கனத்துவிடும். அழுத்தத்தைச் சேமிக்கும் அக்யுமுலேட்டர் நல்ல நிலையில் இருந்தால் ஓரிரு மிதிகளுக்குப் பலம் மிஞ்சும். எஞ்சினை அணைத்தபின் பிரேக்கை மிதித்து அந்தக் கையிருப்பு இருக்கிறதா என்று அவ்வப்போது சோதிப்பது வழக்கம்.

நான்கு சக்கர இயக்கமுள்ள ‘கே’ வண்டிகளுக்கு மட்டும் ஒரு தனிச் சோதனை உண்டு. பெரிய டயர் மாட்டி, நின்ற இடத்திலேயே பல ஆண்டு ஒடித்தவற்றில், பாக்ஸைத் தாங்கும் இடப்பக்கச் சேசிஸ் போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் விடும். இது இவ்வரிசைக்கே பேர்போன நோய். மண்ணையும் கிரீஸையும் சுரண்டி எடுத்துவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், பாக்ஸ் சேசிஸோடு சேர்ந்து மூச்சு விடுவதுபோல அசைவது தெரியும். பாக்ஸைக் கழற்றி, விரிசலின் முனையில் துளையிட்டு நிறுத்தி, வெல்டிங் வைத்து, மேலே வலுத்தகடு பொருத்திய பிறகே மற்ற வேலைகள்.