ஓடும் காலுக்கு ஒரு பாட்டு

பாட்டு என்றால் ஜமக்காளத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டபடி கேட்க வேண்டிய விஷயம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சபாக்கள் ஏற்பட்ட பிறகு வந்த நினைப்பு இது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பாட்டு, வேலை செய்கிறவர்களுடைய சொத்து. ஏற்றம் இறைத்தவன் பாடினான். நாற்று நட்டவள் பாடினாள். படகு வலித்தவனும் சுண்ணாம்பு இடித்தவனும் பாடினார்கள். ஏற்றப் பாட்டில் சால் கணக்கே பாட்டோடு பாட்டாக ஓடும். எத்தனை சால் இறைத்தாயிற்று என்று தனியாக எண்ண வேண்டியதில்லை. ஏற்றக்காரனின் ஓரடியைக் கேட்டுவிட்டு, அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று தெரியாமல் கம்பரே திகைத்து நின்றதாகக் கதை உண்டு.

உழைக்கிற உடம்புக்குப் பாட்டு தெம்பு தரும் என்பது கிராமத்தில் யாரும் ஆராய்ச்சி பண்ணாமலே தெரிந்துகொண்ட உண்மை. பட்டணத்தார் அவ்வளவு சுலபமாக நம்புவார்களா? நியூயார்க் நகரத்தில் மாடிஸன் ஸ்கொயர் கார்டன் என்ற அரங்கில் ஆறு நாள் இடைவிடாத சைக்கிள் பந்தயம் நடப்பது அந்தக் காலத்தில் வழக்கமாக இருந்தது. லெனார்டு அயர்ஸ் என்பவர், அரங்கில் பாண்டு வாத்தியம் முழங்கும்போது சைக்கிள்கள் என்ன வேகத்தில் போகின்றன, ஓய்ந்திருக்கும்போது என்ன வேகம் என்று குறித்துக்கொண்டார். 1911-ல் அதை வெளியிட்டார். வாத்தியம் முழங்கியபோது சராசரி வேகம் மணிக்கு 19.6 மைல், ஓய்ந்தபோது 17.9 மைல்! சம்பளம் வாங்கிக்கொண்டு வாசித்த பாண்டுக்காரர்களுக்குத் தாங்கள் இத்தனை பேருடைய பெடலை மிதித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்திருக்குமோ, என்னவோ!

நம் காலத்திலும் சாட்சி உண்டு. 1998 பிப்ரவரியில் எத்தியோப்பிய வீரர் ஹெய்லி கெப்ரெஸிலாஸி, பர்மிங்ஹாம் உள்ளரங்கில் 2000 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை செய்தார். 'ஸ்காட்மேன்' என்ற துள்ளல் பாட்டை அரங்கத்தின் ஒலிபெருக்கியில் போட்டு, அதன் காலப்பிரமாணத்துக்குக் காலை இசைத்துக்கொண்டு ஓடினார். இங்கிலாந்தில் புரூனெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த காஸ்டஸ் கரகியோர்கிஸ் இந்த விஷயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். மிதமான வேகத்தில் ஓடும்போது பாட்டு களைப்பு உணர்ச்சியைக் குறைக்கிறது. உயிரைக் கொடுத்து ஓடும்போது அவ்வளவாகக் குறைப்பதில்லை என்பது இந்த ஆராய்ச்சிகளின் சாரம். அப்போது நெஞ்சும் நுரையீரலும் போடுகிற கூச்சலில் பாட்டு எடுபடாது போலிருக்கிறது.

சைக்கிள் பந்தயத்துக்குப் பாண்டு உண்டு. உலக வீரருக்கு ஒலிபெருக்கி உண்டு. விடியற்காலையில் தொப்பையைக் குறைக்க ஓடும் சாமானிய மனிதனுக்கு யார் வாசிப்பது? கச்சேரியையே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினால்தான் உண்டு. அந்தப் பையை நோக்கி யந்திரங்கள் நடந்து வந்த கதைதான் நான் சொல்லப்போவது.

முதலில் வந்தது டிரான்ஸிஸ்டர் ரேடியோ. 1954-ல் அமெரிக்காவில் 'ரீஜென்ஸி' என்ற பெயரில் ஒன்று விற்பனைக்கு வந்தது. 1957-ல் ஜப்பானில் ஸோனி கம்பெனியார், 'சட்டைப் பைக்குள் அடங்கும் ரேடியோ' என்று ஒன்றைச் செய்தார்கள். உண்மையில் அது பையைவிடச் சற்றுப் பெரிது! கம்பெனித் தலைவர்களில் ஒருவரான அகியோ மொரிட்டா என்ன செய்தார் தெரியுமா? ரேடியோவைச் சின்னதாக்க நேரமில்லை. ஆகவே விற்பனையாளர்களுக்குப் பெரிய பை வைத்த சட்டை தைத்துக் கொடுத்துவிட்டார். இதை அவரே தம் சுயசரிதையில் சந்தோஷமாக எழுதியிருக்கிறார்.

ஐரோப்பாவில் இதற்கு நேர்மாறான ஆசாமி ஒருவர் இருந்தார். பிலிப்ஸ் கம்பெனியின் என்ஜினீயர் லூ ஆட்டென்ஸ், ஒரு மரத்துண்டைத் தம் கோட்டுப் பைக்குள் அடங்குமாறு அறுத்து வைத்துக்கொண்டு, 'யந்திரம் இந்த அளவுதான் இருக்கவேண்டும்' என்றார். 1963-ல் பெர்லின் கண்காட்சியில் வெளிவந்த காஸெட் அப்படிப் பிறந்தது. ஒருவர் யந்திரத்துக்காகப் பையைப் பெரிதாக்கினார். மற்றவர் பைக்காக யந்திரத்தைச் சிறிதாக்கினார். இந்த இரண்டு மரபும் சேர்ந்த இடத்தில்தான் வாக்மன் பிறந்தது.

1979-ம் வருஷம். ஸோனியின் மற்றொரு ஸ்தாபகரான மஸாரு இபுகாவுக்கு நீண்ட விமானப் பிரயாணங்களில் சங்கீதம் கேட்க ஆசை. இருந்த யந்திரமோ கனமானது. பத்திரிகைக்காரர்கள் பேட்டி எடுக்க உபயோகித்த சிறிய டேப் ரிக்கார்டர் ஒன்று கம்பெனியில் இருந்தது. அதிலிருந்து பதிவு செய்யும் பகுதியை எடுத்துவிட்டார்கள்; ஒலிபெருக்கியையும் எடுத்துவிட்டார்கள். இலேசான ஹெட்போன் ஒன்றைச் சேர்த்தார்கள். அவ்வளவுதான்! 'பதிவு செய்யாத டேப் யந்திரத்தை எவன் வாங்குவான்?' என்று கம்பெனிக்குள்ளேயே முணுமுணுப்பு. மொரிட்டா பொறுப்பைத் தம் தலைமேல் போட்டுக்கொண்டார். விலை 33,000 யென்.

அந்த ஜூன் மாதத்தில் நிருபர்களை டோக்கியோவின் யோயோகி பூங்காவுக்கு பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். விளக்கவுரை எல்லாம் நிருபர்களின் காதில் மாட்டிய வாக்மனுக்குள்ளேயே ஓடிற்று. எதிரே இளைஞர்களும் யுவதிகளும் சக்கரப் பாதரட்சை அணிந்து சறுக்கிக்கொண்டும், சைக்கிள் விட்டுக்கொண்டும் வாக்மனில் பாட்டுக் கேட்டார்கள். விமானத்தில் உட்கார்ந்து கேட்பதற்காக ஒரு பெரியவர் ஆசைப்பட்ட யந்திரம், பிறந்த அன்றே ஓடத் தொடங்கிவிட்டது! ஜூலை 1-ந் தேதி விற்பனை ஆரம்பம். முதல் மாதம் மந்தம். ஆகஸ்டு முடிவதற்குள் முதலில் செய்த 30,000 யந்திரங்களும் தீர்ந்துவிட்டன.

இன்னொரு சின்ன சங்கதி. மொரிட்டா முதல் வாக்மனை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காதில் மாட்டிக்கொண்டு பரவசத்தில் இருந்தபோது, தம் மனைவிக்கு அது பிடிக்கவில்லை என்பதைக் கவனித்தார். கணவன் எதிரிலேயே இருக்கிறார்; ஆனால் இல்லை. அதனால் வாக்மனில் இரண்டு பேர் கேட்க இரண்டு துளைகள் வைத்தார்கள். பாட்டின் நடுவே பேசிக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் வைத்தார்கள். ஜனங்களோ அதைத் தனிச் சொத்தாகவே நினைத்தார்கள். பின்னால் வந்த மாதிரிகளில் இரண்டாவது துளையும் மறைந்தது, ஆரஞ்சுப் பொத்தானும் மறைந்தது. ஏற்றக்காரன் பாட்டு ஊருக்கே கேட்டது. இது ஒருவனுக்கு மட்டும் கேட்டது. லாபத்தோடு நஷ்டமும் அன்றே கணக்கில் ஏறிவிட்டது.

1984-ல் வட்டத் தகடு போட்டுக் கேட்கும் 'டிஸ்க்மன்' வந்தது. நாதம் சுத்தம்; ஆனால் ஓடினால் பாட்டும் துள்ளும். தகட்டை முன்கூட்டியே படித்து நினைவில் வைத்துக்கொள்ளும் தந்திரத்தைப் பின்னால் சேர்த்தார்கள்; அதற்காகக் கூடுதலாகச் சுழன்ற மோட்டார் பாட்டரியைத் தின்றது. சுழலும் பொருள் எதுவாயினும் ஓடுகிறவனுக்கு உதவாது என்பது இந்த அத்தியாயத்தின் பாடம்.

சுழலாத பாட்டுக்கு வழி ஜெர்மனியில் பிறந்தது. எர்லாங்கன் நகரத்துப் பிரான்ஹோபர் ஆராய்ச்சிக்கூடத்தில் கார்லைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியவர்கள் பயன்படுத்திக்கொண்ட உண்மை இதுதான்: தவில் முழங்கும் சமயத்தில் பக்கத்திலிருக்கும் தம்பூராவின் சுருதி நம் காதில் விழுவதில்லை. விழாத ஓசைக்கு எதற்கு இடம்? அதைக் கழித்துவிட்டால் பாட்டு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இந்த முறைக்கு 1995-ல் எம்.பி.3 என்று நாமகரணமாயிற்று. 1998-ல் கொரியாவில் 'எம்பிமேன்', அமெரிக்காவில் 'ரியோ' என்று கையகல யந்திரங்கள் வந்தன. ரியோவின் நினைவு 32 மெகாபைட். அரைமணி நேரப் பாட்டு கொள்ளும். உள்ளே அசைகிற பொருள் ஒன்றுமில்லை. தலைகீழாகக் குதித்தாலும் தாளம் பிசகாது. இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம் உடனே கோர்ட்டுக்குப் போயிற்று. தன்னிடம் உள்ள பாட்டை ஒருவன் வெளியே எடுத்துப்போக வசதி செய்துகொள்வதில் தப்பில்லை என்று 1999-ல் அப்பீல் கோர்ட்டு சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு வேறுவிதமாக இருந்திருந்தால் மேலே சொல்லக் கதையே இருந்திராது.

2001 அக்டோபர் 23-ந் தேதி ஆப்பிள் கம்பெனியின் ஐபாட் வந்தது. ஆயிரம் பாட்டு; 399 டாலர். ஆனால் உள்ளே சுழன்றது என்ன? மறுபடியும் ஒரு சின்னத் தகடு! அது துள்ளாமலிருக்க, இருபது நிமிஷப் பாட்டை முன்கூட்டி எடுத்து வைத்துக்கொள்ள 32 மெகாபைட் நினைவு வைத்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன் ரியோவுக்கு முழு வீடாக இருந்தது, ஐபாடுக்குத் திண்ணையாகிவிட்டது.

2005 ஜனவரியில் அதே கம்பெனி 'ஷபிள்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தகடு இல்லை, திரைகூட இல்லை. எடை 22 கிராம். அடுத்த பாட்டு எது என்று பார்க்க முடியாது. பொத்தானை அழுத்தினால் வருகிற பாட்டைக் கேட்டுக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஓடுகிறவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த ஷபிளைச் சட்டையில் செருகிக்கொள்ளலாம். இந்தக் கழித்தல் ருசி கண்டுபோய், 2009-ல் யந்திரத்தின் உடம்பிலிருந்து பொத்தான்களையும் எடுத்து ஹெட்போன் கம்பியில் வைத்தார்கள். அது மட்டும் ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை. மறு ஆண்டே பொத்தான்கள் வீடு திரும்பின. வியர்த்த விரலுக்குத் தடவிப் பார்த்தால் தெரிகிற பொத்தான் ஒன்றாவது வேண்டும் போலும்!

கவனித்துப் பாருங்கள்: ஓடுகிறவன் கைக்கு வந்து நிலைத்த யந்திரங்கள் எல்லாம் கழித்தலால் பிறந்தவை. பதிவு போயிற்று, ஒலிபெருக்கி போயிற்று, கேளாத ஓசை போயிற்று, திரையும் போயிற்று. பிறகு வந்த செல்போன் கூட்டல் கணக்கு. பாட்டு, கடிதம், பணம், படம், வம்பு எல்லாம் ஒரே பெட்டியில். அதன் எதிரே தனிப் பாட்டு யந்திரங்கள் நிற்க முடியவில்லை. 2017-ல் ஷபிளையும் 2022-ல் கடைசி ஐபாடையும் நிறுத்திவிட்டார்கள்.

என் தம்பி மகள் விடியற்காலையில் அரை மணி நேரம் ஓடுகிறவள். வீட்டில் குழந்தை, மற்ற நேரமெல்லாம் ஆபீஸ். அவள் ஒருநாள் என்னிடம், "பெரியப்பா, பாட்டு மட்டுமே தெரிந்த யந்திரம் ஒன்று சொல்லுங்கள். வேறு எதுவும் அதற்குத் தெரியக்கூடாது" என்றாள்.

"ஏனம்மா, போன் இருக்கிறதே?" என்றேன்.

"போனைக் கட்டிக்கொண்டு ஓடினால் இரண்டாவது பாட்டுக்குள் ஆபீஸும் கூடவே ஓடி வருகிறது, பெரியப்பா. அந்த அரை மணிதான் எனக்கென்று இருக்கிறது."

பழைய சரித்திரம் இங்கே உபயோகப்பட்டது. நான் அவளுக்குச் சொன்ன லட்சணங்கள் இவை. உள்ளே சுழலும் பொருள் கூடாது. சட்டையில் செருகினால் செருகியதே மறந்துபோகிற எடை வேண்டும். பொத்தான் விரலுக்குத் தெரிய வேண்டும். பாட்டு யந்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். இன்டர்நெட்டில் தேடி எடுக்கிற சமாசாரம் வேண்டாம். வியர்வையையும் தூறலையும் தாங்க ஐ.பி.எக்ஸ்.4 என்ற குறி போதும்; ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி கிடந்தாலும் பழுதாகாது என்பதற்கு ஐ.பி.எக்ஸ்.7. நீந்துகிறவர்களானால் கம்பியில்லாத புளூடூத்தை நம்பக்கூடாது. அந்த அலையைத் தண்ணீர் குடித்துவிடும். காதில் மாட்டும் கருவிக்குள்ளேயே பாட்டைச் சேமிக்கிற வகைதான் அவர்களுக்கு உதவும். ஆயிரம் பாட்டு எதற்கு? அரை மணிக்குப் பத்துப் பாட்டு. அவையும் கால் போடும் தாளத்துக்கு ஒத்தவையாக இருந்தால் போதும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது காது. எண்பது டெசிபல் அளவில் வாரத்துக்கு நாற்பது மணி நேரம் வரை பெரியவர்கள் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். சத்தம் ஏற ஏற இந்த நேரம் மளமளவென்று குறையும். காது கெடுவது ஒரு பக்கம். பின்னால் வரும் லாரி கேட்காமல் போவது மறுபக்கம். அமெரிக்கத் தடகள சங்கம் 2007-ல் ஓட்டப் பந்தயங்களில் ஹெட்போனைத் தடை செய்ததற்கு இந்த ஆபத்து ஒரு காரணம். பாட்டுக் கேட்டு ஓடுகிறவனுக்கு மற்றவனைவிட அனுகூலம் என்பது இன்னொரு காரணம். மறு வருஷம் பரிசுக்கு ஓடுகிறவர்களுக்கு மட்டும் என்று தடையைத் தளர்த்தினார்கள். காதை அடைக்காமல் கன்ன எலும்பு வழியே ஓசையை அனுப்பும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. இருட்டுப் பிரியாத தெருவில் தனியே ஓடும் பெண்ணுக்கு அதுவே உசிதம். நாதம் கொஞ்சம் குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும்.

ஏற்றத்தின் மேல் நடந்தவனுக்கு யந்திரம் ஒன்றும் இல்லை. கால் தவறினால் கிணறு. ஆகவே பாடிக்கொண்டே சுற்றிலும் காதைத் திறந்து வைத்திருந்தான். நாம் எத்தனை கிராமில் எத்தனை பாட்டை வாங்கினாலும், அவன் வைத்திருந்த அந்தத் திறந்த காதையும் சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது.