உப்புப் பனி பெய்யும் பெட்டி

1914-இல் அமெரிக்கப் பொருள் சோதனைச் சங்கமான ஏ.எஸ்.டி.எம். கூடியபோது, ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ஜே. ஏ. கேப் ஒரு கட்டுரை படித்தார். இரும்பின்மேல் ஏற்றிய முலாம் எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே ஊசித்துளை விட்டிருக்கிறது என்று சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தால் மாதக்கணக்காகும். உப்பு நீருக்குள் முக்கிவைத்தால் காற்று எட்டாது. கேப் சொன்ன வழி, உப்பு நீரைக் காற்றழுத்தத்தால் பனிபோலச் சிதறடித்து அதற்குள் பொருளை நிறுத்துவது. மேலே மெல்லிய ஈரப்படலம், பக்கத்திலேயே ஆக்சிஜன். துருவுக்கு இதைவிட வசதி வேண்டுமா?

ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு உப்பு என்று கால் நூற்றாண்டு ஓடிய பிறகு 1939-இல் ஏ.எஸ்.டி.எம்.மின் பி117 என்ற நியமம் வந்தது. தொடக்க காலத்தில் 20 சதவீத உப்புக் கரைசல் புழங்கியது. கரைசல் அடர்ந்தால் துருவும் வேகமாகும் என்று தோன்றும். ஆனால் உப்பு கூடக்கூட நீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. போதாததற்கு நாசில் அடைத்துக்கொள்ளும். கடைசியில் 5 சதவீதம் நிலைத்தது. பெட்டிக்குள் 35 டிகிரி செல்சியஸ், கீழே சேரும் நீரின் பி.எச். 6.5 முதல் 7.2 வரை.

இந்த நியமத்தின் சாமர்த்தியமெல்லாம் பெட்டியின் உறுப்புகளில் இருக்கிறது. கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று நாசிலில் விரியும்போது குளிரும். உலர்ந்த காற்றானால் துளியிலிருந்து நீரையும் உறிஞ்சிவிடும். ஐந்து சதவீதம் ஆறேழாகிவிடும். அதனால் காற்றைச் சுடுநீர்க் கோபுரத்தின் வழியே குமிழவிட்டு, ஈரமும் சூடும் ஏற்றிய பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். கூரை சாய்வாக இருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் திரண்ட நீர் மாதிரியின் தலையில் சொட்டும். பீய்ச்சல் நேராக மாதிரிமேல் படவும் கூடாது. பனியின் அளவைப் பார்க்க உள்ளே புனல்கள் வைக்கிறார்கள். 80 சதுர சென்டிமீட்டருக்கு மணிக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிலிட்டர் சேர வேண்டும். அந்த விசித்திரமான 80, பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள புனல் வாயின் பரப்புதான்.

சர்வதேச நியம அமைப்பான ஐ.எஸ்.ஓ. 1976-இல் மூன்று தனித்தனி நியமங்கள் போட்டு, 1990-இல் அவற்றை 9227 என்று ஒன்றாக்கியது. கரைசல், வெப்பம், பி.எச். எல்லாம் ஏறக்குறைய பி117-ஐ ஒத்தவையே. மாதிரியைச் செங்குத்திலிருந்து 15 முதல் 30 டிகிரி சாய்க்கலாம் என்கிறது பி117. 15 முதல் 25 என்கிறது 9227. இது சில்லறை வேறுபாடு. பெரிய வேறுபாடு பெட்டியை நம்புவதில் இருக்கிறது. சாதாரண எஃகுத் தகடுகளை 48 மணி நேரம் உள்ளே வைத்து எடை போட்டுப் பார்க்கச் சொல்கிறது 9227. ஒரு சதுர மீட்டருக்கு 50 முதல் 90 கிராம் வரை இழந்திருந்தால்தான் பெட்டி சரி. பி117-இல் இதுபோன்ற சரிபார்ப்பு பின்னிணைப்பில் மட்டும் இருக்கிறது. என்னைக் கேட்டால் ஐ.எஸ்.ஓ. சொல்வதே நியாயம், எல்லா மீட்டரும் ஒழுங்காகக் காட்டும் பெட்டியும் மந்தமாகத் துருப்பிடிக்க வைக்கலாம்.

நிக்கல்-குரோமியம் பூசிய கார் பம்பர்களிடம் இந்த நடுநிலைப் பனி பலிக்கவில்லை. காத்திருந்து அலுத்ததுதான் மிச்சம். 1950-களில் அசிட்டிக் அமிலமும் செப்புக் குளோரைடும் கலந்த 50 டிகிரிப் பனி வந்தது. 'காஸ்' என்பது பட்டறைப் பெயர். இதில் ஒரு தடவை ஓட்டிய பெட்டியில் செப்பும் அமிலமும் தங்கிவிடும். நன்றாகக் கழுவி, எஃகுத் தகடு வைத்துச் சரிபார்க்காமல் அதில் நடுநிலைச் சோதனை செய்யக் கூடாது. காசு உள்ளவர்கள் இரண்டாவது பெட்டி வாங்கிவிடுகிறார்கள்.

பெட்டி பெருகப் பெருக அதன் கணக்கும் மாறிப்போனது. துளை தேடப் பிறந்த சோதனையிடம் ஆயுள் கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் சத்தமாக எதிர்த்தவர்களில் ஒருவர் ஃபிரான்சிஸ் லாக். வட கரோலைனாவின் கியூர் பீச் கடற்கரையில் தகடுகளை நிறுத்திவைத்துத் துருவைப் படித்தவர் அவர். கடலிலிருந்து 25 மீட்டரில் நிற்கும் எஃகு, 250 மீட்டரில் நிற்பதைவிடப் பல மடங்கு வேகமாக அரிக்கப்படுவதைப் பார்த்தவருக்கு, ஒரே பெட்டி எல்லா ஊரையும் காட்டும் என்பது எப்படி ஒப்பும்? 1952-இல் உப்புப் பனிச் சோதனையை விமர்சித்துக் கட்டுரை எழுதினார். பின்னாளில் ஐ.எஸ்.ஓ.வின் தலைவராகவும் இருந்தார்; அவர் பதவி முடிந்த மூன்றே ஆண்டுகளில் வந்தவைதான் மேலே சொன்ன மூன்று நியமங்கள்! காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் கடலோரத்தில் தகடுகளை வெயிலிலும் உப்புக் காற்றிலும் விட்டுப் பார்ப்பதும், ஒரே பெட்டி எல்லா ஊரையும் காட்டாது என்பதற்காகத்தான்.

பெட்டியால் அதிகம் அநியாயம் நடந்தது துத்தநாகத்துக்கு. வெளியில் நனைந்து காய்ந்து, காற்றின் கரியமிலவாயுவோடு சேர்ந்து, அது தனக்கொரு கார்பனேட் போர்வை செய்துகொள்ளும். பெட்டிக்குள் காய நேரமே கிடையாது. வெள்ளைத் துரு பூத்து உதிர்ந்துபோகும். கால்வனைஸ் செய்த கம்பம் தெருவில் பல பத்தாண்டு நிற்கும். பெட்டியில் அதன் மதிப்பெண் பரிதாபம்.

அதனால் நனைப்பதும் காயவிடுவதுமாகச் சுழலும் சோதனைகள் வந்தன. ஏ.எஸ்.டி.எம்.மின் ஜி85 நியமத்தின் ஐந்தாம் இணைப்பில் உப்பு 0.05 சதவீதம்தான், கூடவே அம்மோனியம் சல்பேட். ஒரு மணி பனி, ஒரு மணி உலர்த்தல். பழைய பெட்டிக்கு இப்போது ஊதுவிசிறி வேண்டும். அமெரிக்கக் கார்த் தொழிலின் ஜே2334 ஈரப்பதத்தையும் கட்டுப்படுத்தச் சொல்கிறது. ஜெர்மன் வி.டி.ஏ. 233-102-இல் உறைநிலைக்குக் கீழே போகும் கட்டமும் உண்டு. அதற்கு உள்ளே குளிரூட்டி வேண்டும். இதையெல்லாம் வாங்கிப் போட முடியாத சிறு பிளேட்டிங் பட்டறை, அந்தச் சோதனைக்கு மாதிரியை வெளி லேபுக்கு அனுப்பிவிட்டு, தன் பழைய பெட்டியில் '96 மணி நேரம், சிவப்புத் துரு கூடாது' என்ற ஆர்டரை ஓட்டிக்கொண்டிருக்கிறது. அந்த 96-ஐ பி117-இல் தேடிப் பயனில்லை. எத்தனை மணி என்பதை வாங்குபவரும் விற்பவரும் பேசி முடிவு செய்துகொள்ள விட்டிருக்கிறது நியமம்.