கொல்லிமலையில் கிறிஸ்து சமயம் பரவிய வரலாறு

கொல்லிமலை என்றதும் நம்மவர்க்கு வல்வில் ஓரியின் கொடையும், அறப்பளீசுவரர் ஆலயமும், ஆடிப் பதினெட்டில் அங்குக் கூடும் ஜனத்திரளுமே நினைவுக்கு வரும். இற்றைக்கு நூறாண்டுகட்கு முன் அம்மலையில் நிகழ்ந்த வேறொரு விஷயத்தை நம் சங்கத்து அன்பர்கள் பலர் அறியார். அந்நிய சமயத்தைப் பற்றியதாயினும், உறவின்முறையாகக் கூடி வாழும் நாம் ஊன்றிச் சிந்தித்தற்கு உரியதாகலின், அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இம்மலையின் பூர்வ குடிகள் மலையாளிகள் எனப்படுவர். இவர்கள் கேரள தேசத்தார் அல்லர். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து மலையேறியவர் என்று வழிவழியாகக் கூறிவரும் தமிழ் மக்களேயாவர். நாடு, ஊர் என வகுத்துக்கொண்டு, பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் முதலியோரின் கட்டுப்பாட்டிற்கு அடங்கி வாழ்ந்தனர். மலைஜ்வரத்திற்கு அஞ்சிச் சமவெளியார் அங்கு இராத் தங்கவும் தயங்கிய காலம் அது.

அக்காலத்தில் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சார்ந்த ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் ஆங்கிலேயர் அம்மலைக்குச் செல்லத் துணிந்தார். 1907இல் இந்தியாவுக்கு வந்த இவர் கட்டிடத் தொழில் அறிந்தவர். சிறிது வைத்தியமும் பயின்றவர். 1913இல் சேந்தமங்கலத்தில் ஈவ்லின் என்னும் மாதரசியை மணந்து, உடனே அவரையும் மலைமேல் அழைத்துச் சென்றார். சமவெளியில் பகுதி பகுதியாகச் செய்து ஆட்களின் தலைச்சுமையாய்க் கொண்டுசென்ற மரவீடே அவர்கள் இல்லமாயிற்று.

தம் சமயத்தைப் போதிப்பதே அவர்கள் வந்த நோக்கம். அதனை அவர்கள் மறைத்தாரல்லர். ஆயினும் ஆண்டுகள் பல கழிந்தும் அதனைத் தழுவுவார் எவருமிலர். காரணம் யாது? மலைவாசிக்குத் தெய்வம் வேறு, ஊர் வேறு அன்று. புதுச் சமயம் புகுந்தவனுக்கு யார் பெண் கொடுப்பர்? யார் பந்தியில் இடம் அளிப்பர்? அவன் இறந்தால் பாடை தூக்குவார் யார்? இவ்வச்சம் எத்தகையதென்பதை நம் சங்கத்தார்க்கு நாம் விளக்கவேண்டுவதில்லை. பூசாரியும் இவர்களுக்கு மாறாக நின்றார்.

சொல் பலிக்கவில்லையென்று அவ்விருவரும் கை கட்டியிருக்கவில்லை. அக்காலத்தில் நரம்புச் சிலந்தி என்னும் நோய் மலைவாசிகளை வருத்திற்று. காலில் கொப்புளம் கண்டு, அதிலிருந்து நூல் போன்ற நீண்ட புழு வெளிப்படும். அறுந்துபோனால் புண் சீழ்பிடிக்குமாதலின், பிராண்ட் அதனைச் சிறு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி இழுத்தெடுப்பார். புண்ணுள்ள காலோடு கிணற்றில் இறங்குவதால் புழுவின் குஞ்சுகள் நீரிற் கலந்து, நுண்ணிய நீர்ப்பூச்சிகளின் வழியே குடிப்பவர் உடலிற் புகுகின்றன. இதனையறிந்து கிணறுகளைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பவும் கற்பித்தார். இந்நோய் இந்தியாவிலிருந்து அறவே ஒழிந்ததென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2000ஆம் ஆண்டில் அறிவித்தது.

1918ஆம் ஆண்டில் விஷஜ்வரம் தேசமெங்கும் பரவி ஒரு கோடிக்கு மேற்பட்டாரைக் கொள்ளைகொண்டது. அது கொல்லிமலையையும் எட்டியது. நோயுற்றாரை உற்றாரும் விட்டு ஓடினர். பிராண்ட் தம்பதிகளோ கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடுதோறும் சென்று ஊட்டினர். தம்மை எதிர்த்த பூசாரியும் அவர் மனைவியும் நோயில் விழுந்தபோதும் அவர்கள் செல்லத் தவறவில்லை. எவரும் எட்டிப் பாராத அவ்வேளையில், தம் பெண்குழவியை அவ்விருவரிடமே ஒப்புவித்துவிட்டுப் பூசாரி உயிர் நீத்தார். ரூத் என்னும் பெயரோடு அக்குழந்தை அவ்வீட்டில் வளர்ந்தது. அதன் பின்னரே அவர்கள் சமயத்தைச் சிலர் ஏற்கலாயினர்.

1929இல் கருநீர்ஜ்வரத்தால் ஜெஸ்ஸி காலமானார். ஈவ்லின் அம்மையார் மனந்தளரவில்லை. 1947இல் மிஷன் வேலையினின்று ஓய்வு பெற்றபின், சொந்தப் பொறுப்பிலேயே மீண்டும் மலையேறினார். முதுமையிலும் குதிரைமேல் ஊர் ஊராய்த் திரிந்து, 1974இல் தமது 95ஆம் வயதில் மறைந்தார். அம்மலையில் வளர்ந்த அவர் மைந்தர் பால் பிராண்ட், பின்னாளில் வேலூர் மருத்துவக் கல்லூரியில் குஷ்டரோகிகளின் மடங்கிய விரல்களைச் சஸ்திர சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் எய்தினார்.

இதனால் நாம் அறியவேண்டுவது யாது? அப்பூசாரி தர்க்கத்தில் தோற்றுத் தம் மகவைக் கொடுத்தாரல்லர். சுற்றம் கைவிட்ட வீட்டிற்குள் வந்தவரை நம்பியே கொடுத்தார். சமயம் மாறினானென்று ஒருவனைத் தள்ளுதல் எளிது; அவன் பசித்தும் பிணித்தும் கிடந்த நாளில் நாம் எங்கிருந்தோம் என்று நம்மையே வினவுதல் அரிது. எம்மதத்தினராயினும் நம் இனத்தாருள் நோயுற்ற வீட்டின் படியை முதலில் மிதிப்பவர் நாமாயிருத்தல் வேண்டும். ஊர்க்கட்டு என்பது விலக்குவதற்கு மட்டும் உளதாயின், அதனாற் பயன் என்ன? அன்பர்கள் இதனைத் தத்தம் இல்லத்தாரோடு கலந்து ஆலோசிப்பார்களாக.