கல்லறையினின்று எழுந்த ஆலயம்: சென்னை ஆர்மீனியத் திருக்கோயிலின் வரலாறும் அமைப்பும்

திருவையாற்றில், காவிரியின் வடகரையில், ஸ்ரீ தியாகராஜ சுவாமிகள் 1847-ஆம் ஆண்டில் சித்தியெய்தியபின் அவருடைய திருமேனியை அடக்கம் செய்த இடம், பல்லாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1920-களில் பெங்களூர் நாகரத்தினம்மாளின் அரும்பாட்டினால் ஆலயமாக உருப்பெற்றது. அவ்வம்மையாரும் அதனருகிலேயே அடங்கியிருக்கிறார். இறந்தோரின் இடம் இருப்போரின் வழிபாட்டிடமாக மாறும் இம்மரபு சோழநாட்டுக்குப் புதியதன்று. பட்டீச்சுரத்துக்கு அருகே முதலாம் இராஜேந்திரன் தன் சிற்றன்னையின் நினைவாக எடுத்த பஞ்சவன்மாதேவீச்சரம் பள்ளிப்படையாகத் தோன்றிச் சிவாலயமாக நிலைத்ததை அறிஞர் அறிவர். இம்மரபோடு எவ்விதத் தொடர்புமில்லாத ஒரு சமயத்தார், கடல் கடந்து வந்த வணிகர், சென்னைப் பட்டணத்தில் இதே வழியிற் சென்று ஓர் ஆலயத்தை உண்டாக்கிய வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆர்மீனியர் கிறிஸ்து சமயத்தை நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரச சமயமாக ஏற்றவர். 451-ஆம் ஆண்டில் கூடிய கல்சதோன் சங்கத்தின் தீர்மானத்தை அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் உரோமைக்கும் கான்ஸ்டாண்டிநோபிளுக்கும் புறம்பாக நின்று, கீழை ஆர்த்தடாக்ஸ் சபைகளுள் ஒன்றாகத் தம் பழைய சடங்குகளையும் மொழியையும் காத்து வந்தனர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ், அராஸ் நதிக்கரையிலிருந்த ஜூல்பா என்னும் நகரத்து ஆர்மீனிய வணிகரைக் குடியோடு பெயர்த்துத் தம் தலைநகராகிய இஸ்பஹானுக்கு அப்பால் குடியேற்றினார். அவர்கள் தாம் இழந்த ஊரின் பெயரையே சூட்டிப் புதிய ஜூல்பாவை அமைத்து, பட்டு வியாபாரத்தினால் செழித்து, மேற்றிராணியாரின் பீடமாக ஒரு பேராலயத்தையும் எழுப்பினர். வாங்க் என வழங்கும் அப்பேராலயத்தின் இப்போதைய கட்டடம் 1655 முதல் 1664 வரை எழுந்தது. ஆர்மீனிய மலைநாட்டுக் கோயில்களின் கூம்புச் சிகரத்தை அதில் காண முடியாது. பாரசீகப் பள்ளிவாசல்களின் குமிழ்ந்த கும்மட்டமே அதன் தலையில் நிற்கிறது. முற்றத்திலே, ஆலயத்தோடு ஒட்டாமல், 1702-இல் எழுந்த மணிக்கோபுரம் தனித்து நிற்கிறது. புகுந்த நாட்டின் உருவத்தைப் புறத்திலே ஏற்று, உள்ளே தம் வழிபாட்டை மாறாமல் வைத்துக்கொள்ளும் இயல்பும், மணியைத் தனிக் கோபுரத்தில் ஏற்றும் வழக்கமும் பின்னர்ச் சென்னையிலும் தொடரக் காண்போம்.

புதிய ஜூல்பாவின் வணிகர் சூரத்து, கல்கத்தா, சென்னை முதலிய துறைகளுக்குப் பரவினர். 1688-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், கோஜா பனோஸ் கலந்தார் என்பார் கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு செய்துகொண்ட உடன்படிக்கையில், எங்கெல்லாம் நாற்பது ஆர்மீனியர் குடியேறுகிறார்களோ அங்கெல்லாம் கம்பெனியாரே அவர்களுக்கு ஓர் ஆலயம் கட்டித் தருவதென்றும், ஏழாண்டுகள் குருவுக்கு ஆண்டொன்றுக்கு ஐம்பது பவுன் அளிப்பதென்றும் ஒரு விதி இருந்தது. பண்டசாலைக் கணக்கோடு கணக்காக ஆலயமும் பேசி முடிக்கப்பட்டமை, அச்சமூகத்தார் வாணிபத்தையும் பக்தியையும் ஒரே ஓலையில் எழுதியவர் என்பதைக் காட்டும். சென்னையில் அவர்களுடைய முதல் ஆலயம் 1712-இல் எழுந்தது. அடையாற்றின் மேல் 1726-இல் மர்மலாங் பாலத்தைத் தம் சொந்தப் பணத்தினால் கட்டிய கோஜா பெத்ரூஸ் உஸ்கான் இச்சமூகத்தின் தலைசிறந்த வள்ளலாவார்.

இப்போது நாம் காணும் ஆலயம் 1772-இல் கட்டப்பெற்றது. அது நிற்கும் தெருவை ஆங்கிலத்தில் ஆர்மீனியர் தெரு என்பர். தமிழ் மக்கள் நாவிலோ அது அரண்மனைக்காரன் தெருவாயிற்று. அரண்மனை எதுவும் இல்லாத தெருவுக்கு அப்பெயர் வந்தது, வாய்க்கு வராத அந்நியச் சொல்லைத் தமக்குத் தெரிந்த சொல்லாக்கிக்கொள்ளும் மக்கள் வழக்கினால் ஆகும். அந்த நிலம் ஆகா ஷாமீர் என வழங்கிய ஷாமீர் சுல்தான் ஷாமீரியான் என்னும் பெருவணிகரின் குடும்பத்துக்குரிய இடுகாடாகவும் சிறு ஜெபாலயமாகவும் இருந்தது. 1765-இல் மறைந்த அவருடைய மனைவி அன்னாளின் கல்லறை அங்கே உள்ளது. எனவே கல்லறை முந்தியது, ஆலயம் பிந்தியது. மனைவி துயிலும் மண்ணையே கணவர் தம் சமூகத்தின் பொது வழிபாட்டுக்கு ஈந்தார் எனக் கொள்ளுதல் பொருந்தும். பள்ளிப்படைக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை இங்கேதான் துலங்குகின்றது.

அமைப்பை நோக்குவோம். வாயிலைக் கடந்ததும் தெருவின் இரைச்சல் பின்தங்கி விடுகிறது. கூம்புச் சிகரமும் இல்லை, கும்மட்டமும் இல்லை. தடித்த சுவர்களும், வெண்சுண்ணப் பூச்சும், வெயிலையும் மழையையும் தடுக்கும் நீண்ட தாழ்வாரங்களும் உடைய அக்கட்டடம் பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையின் வளமனையொன்றைப் போலவே தோன்றும். இஸ்பஹானில் பாரசீகத்தின் கும்மட்டத்தை ஏற்றவர்கள், இங்கே சோழமண்டலக் கரையின் சுண்ணாம்பையும் தாழ்வாரத்தையும் ஏற்றனர். முற்றத்தில் ஏறத்தாழ 350 ஆர்மீனியர் அடங்கியுள்ளனர். தளத்தோடு தளமாகப் பதிந்த அக்கற்களின் மேல், ஆர்மீனிய எழுத்துக்களை மிதித்தவாறே நாம் நடக்க வேண்டியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானத்தைச் சுற்றிக் கல்வெட்டுக்களைப் படித்துப் பழகிய கண்ணுக்கு, இங்கே சாசனம் சுவரினின்று இறங்கித் தரையிலே கிடப்பதுபோலத் தோன்றும்.

மணிக்கோபுரம் ஆலயத்தினின்று தனித்து நிற்கிறது. மரப்படிகளின் வழியே மேலேறினால், ஒவ்வொன்றும் சுமார் 150 கிலோ நிறையுள்ள ஆறு மணிகளைக் காணலாம். அவை ஒரே காலத்தில் வார்க்கப்பட்டவை அல்ல. 1778-ஆம் ஆண்டைக் குறிக்கும் மணி, ஷாமீர் குடும்பத்தில் இளவயதில் இறந்த எலியாசரின் நினைவாக அளிக்கப்பெற்றது. இரண்டு மணிகள் லண்டன் தாமஸ் மியர்ஸ் பட்டறையில் 1837-இல் வார்க்கப்பெற்றவை. அன்னையின் கல்லறை ஆலயமாயிற்று, மகனின் மரணம் மணியோசையாயிற்று.

இவ்வாலயத்தைச் சூழ்ந்தே ஆர்மீனிய எழுத்துலகின் ஒரு புதிய யுகமும் பிறந்தது. காவிரி நாட்டுக் கடற்கரையாகிய தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய அறுபதாண்டுகளுக்குள், ஆகா ஷாமீர் சென்னையில் ஆர்மீனிய அச்சகம் நிறுவினார். நாடிழந்த ஆர்மீனியருக்குப் பிரதிநிதி சபையோடு கூடிய ஓர் அரசியற் சட்டத்தை வகுத்த நூல், 1773 என்னும் ஆண்டுக் குறிப்போடு அங்கிருந்தே வெளிவந்தது. இவ்வாலயத்தின் குருவாகிய ஹாருத்யூன் ஷ்மாவோனியான், ஒரே வாரத்தில் இரு புதல்வரை இழந்த துயரத்தின்பின் துறவும் கல்வியுமே துணையாகக் கொண்டு, 1794-இல் 'அஸ்தரார்' என்னும் மாத இதழைத் தொடங்கினார். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையாகிய அது பதினெட்டு இதழ்களோடு 1796-இல் நின்றது. 1824-இல் மறைந்த அவரும் இம்முற்றத்திலேயே அடங்கியுள்ளார்.

இன்று சென்னையில் ஆர்மீனியர் அநேகமாக இல்லை. ஆலயத்தைக் கல்கத்தாவிலுள்ள ஆர்மீனியச் சபையார் பராமரிக்கின்றனர். எப்போதேனும் குரு வந்தால் பூசை நடக்கும். பஞ்சவன்மாதேவீச்சரத்தில் வழிபாடு நிலைத்து, அடியில் இருப்பவரின் நினைவு மங்கிற்று. இங்கோ அடியில் இருப்போரின் பெயர்களெல்லாம் கல்லிலே தெளிவாக நிற்க, வழிபடுவோர் மறைந்தனர். திருவையாற்றில் சமாதி ஆலயமாயிற்று. அரண்மனைக்காரன் தெருவில் சமாதியினின்று எழுந்த ஆலயம் மறுபடியும் சமாதியாகிக்கொண்டிருக்கிறது. ஆயினும் ஞாயிறு காலையில் அந்த ஆறு மணிகளும் ஒலிக்கும் சிறிது நேரத்துக்கு, அழைக்கப்படுவோர் இன்னும் அத்தெருவில் எங்கோ குடியிருக்கிறார்கள் என்றே கேட்போர் எண்ணுவர்.