கையில் கனக்கும் சிசு

பொம்மைக் கலையின் சரித்திரத்தை எழுதுவோர், முகத்தின் லாவண்யத்தையும் கண்களின் ஒளியையும் விஸ்தாரமாக வர்ணித்துவிட்டு, பொம்மையின் கனத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விடுகிறார்கள். எனக்கோ, சிசுவின் சாயலைப் பொம்மைக்குள் கொண்டுவந்த உபாயங்களில் தலையாயது கனமே என்று தோன்றுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொம்மைத் தொழிலுக்குப் பேர்போன ஊர் ஜெர்மனியின் ஸோனெபெர்க். அதன் சுற்றுவட்டாரச் சூளைகளில் சுட்டெடுத்த, மெருகிடாத பீங்கான் தலைகள் தேசாந்தரங்களுக்கெல்லாம் கப்பலேறின. அவற்றிற் பெரும்பாலானவை பட்டாடை தரித்த சீமாட்டிகளும் சிறுமிகளுமே. 1909-இல் கேமர் - ரைன்ஹார்ட் கம்பெனியார் நிஜக் கைக்குழந்தையின் முகபாவத்தோடு ஒரு பொம்மையை வெளியிட்டனர். 'கைஸர் குழந்தை' என்று ஜனங்கள் அதற்குப் பெயரிட்டு அழைத்தார்கள். முகம் சிசுவின் முகந்தான்; தூக்கினாலோ உடல் விறைத்தே இருந்தது.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1905-இல், ஸ்விட்ஸர்லாந்தின் அஸ்கோனாவில் தங்கியிருந்த கேத்தே என்ற முன்னாள் நாடக நடிகையிடம், அவருடைய மூத்த பெண், அம்மாவின் கையில் தங்கை இருப்பதைப் போலத் தனக்கும் ஒரு குழந்தை வேண்டுமென்று கேட்டிருந்தாள். அப்பெண்ணின் தந்தையும் பெர்லினிலிருந்த சிற்பியுமான மாக்ஸ் குரூஸே கடைப் பொம்மைகளைக் காணச் சகியாதவர். வாங்கி அனுப்ப மறுத்து, நீயே செய்துகொள் என்று பதிலளித்துவிட்டார். கேத்தே ஒரு துவாலையில் மணலைக் கொட்டி, மூலைகளை முடிச்சிட்டுக் கைகால்களாக்கி, ஓர் உருளைக்கிழங்கைத் தலையாக வைத்து, எரிந்த தீக்குச்சியின் கரியால் கண்ணும் வாயும் தீட்டினார். அழகென்று சொல்ல அதில் ஏதுமில்லை. ஆனால் அணைத்தால் இசைந்து கொடுத்தது, தோளில் சாய்த்தால் கனத்தது.

1910-இல் பெர்லின் கண்காட்சியொன்றில் அவருடைய துணிப் பொம்மைகள் புகழ்பெற, அடுத்த ஆண்டே அமெரிக்காவிலிருந்து 150 பொம்மைகளுக்கு உத்தரவு வந்தது. பின்பு பாட் கோஸன் என்னும் ஊரில் தொழிற்கூடம் அமைந்தது. 1925-இல் அங்கே உருவான 'ட்ராய்மெர்ஷென்' என்ற உறங்கும் சிசுவே அவருடைய சிருஷ்டிகளில் உத்தமமானது என்பேன். அதன் நீளம், பிறந்த குழந்தையின் நீளமாகிய சுமார் 50 சென்டிமீட்டர். மணல் நிரப்பிய உடலின் எடை சுமார் இரண்டரைக் கிலோ. தலையோ, கழுத்தில் தளரவிட்டே தைக்கப்பட்டது. குழந்தை வளர்ப்புப் பயிற்சி வகுப்புகளில் அதை உபயோகித்ததன் காரணம் இதிலேயே விளங்கும்: கழுத்தைத் தாங்காமல் தூக்கினால், பச்சைக் குழந்தையின் தலையைப் போலவே அதன் தலையும் பின்னால் தொங்கிவிடும்.

அக்காலத்திலேயே அமெரிக்காவில் கிரேஸ் ஸ்டோரி புட்னம் அம்மையார், பிறந்து மூன்றே நாளான சிசுவை மாதிரியாகக் கொண்டு 'பை-லோ' பொம்மையைச் செய்து பெரும் வியாபாரம் கண்டார்.

1990-களில் அமெரிக்காவில் பரவத் தொடங்கிய 'ரீபார்ன்' பொம்மைக்காரர்கள், ஆலையில் வார்த்த வினைல் தலையையும் கைகால்களையும் வாங்கித் தம் கையால் புதுப்பிப்பவர்கள். நெற்றிப்பொட்டில் நீல நரம்பு, இமையோரத்தில் செம்மை என்று மெல்லிய வர்ணப் பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, ஒவ்வொரு பூச்சுக்கும் சுமார் 130 டிகிரி செல்ஷியஸ் சூட்டில் சில நிமிஷங்கள் அடுப்பில் வைத்து எடுக்கிறார்கள். ஆட்டு ரோமமான மோஹேரை, உச்சிச் சுழி எப்பக்கம் திரும்புகிறதோ அப்பக்கமே சாயும்படி, ஊசியால் இழை இழையாகக் குத்தி நடுகிறார்கள். கடைசியாகத் துணி உடலுக்குள் நுண்ணிய கண்ணாடி மணிகளை நிரப்பி, இடுப்புக்குக் கீழே கனம் மிகும்படியும் தலை சற்றே சாயும்படியும் செய்கிறார்கள். குழந்தையைப் பறிகொடுத்த தாய்மாரும், மறதி நோயால் வாடும் முதியோரும் அதை மடியில் வைத்து ஆறுதல் அடைவதுண்டு. அதைப் பித்து என்று இகழ்வோரோடு எனக்கு உடன்பாடில்லை.

கண்ணாடி மணிகள் செய்யும் அதே வேலையைத்தான் அஸ்கோனாவின் மணல் செய்தது. ஆதலால் கனத்தால் சிசுவின் சாயலைக் கொண்டுவரும் இக்கலையை அமெரிக்காவில் பிறந்ததென எழுதுவது நியாயமாகாது. அதன் ஆதி தாய் கேத்தே குரூஸேதான். அவர் 1968-இல் காலமானார். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அவருடைய தொழில் குடியேறிய டோனாவெர்த் நகரில் அவருடைய பொம்மைகளுக்கென்றே ஒரு காட்சிசாலை உண்டு. ஜெர்மனிக்குப் போகும் அன்பர்கள் அவசியம் சென்று பார்க்க வேண்டும்.