குழந்தைகளின் நிமோனியாவும் மூச்சு எண்ணும் முறையும்

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் கடுஞ்சுவாசத் தொற்றுகளில் பெரும்பாலானவை சாதாரணச் சளியும் இருமலும் ஆகும். அவை தாமாகவே குணமாகும். சில மட்டும் நுரையீரலைத் தாக்கி நிமோனியாவாக மாறுகின்றன. அப்போது நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து தாமதமானால் குழந்தை இறக்கவும் கூடும். இருமும் குழந்தைகளுள் மருந்து தேவைப்படுவோரைப் பிரித்தறிவது எப்படி என்பதே மருத்துவர்கள் முன் இருந்த கேள்வி.

தொடக்கம்

1816இல் பாரிசில் லென்னெக் ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கினார். பின்னர் எக்ஸ்ரேயும் வந்தது. ஆனால் மருத்துவரே இல்லாத சிற்றூர்களில் இவற்றால் பயன் இல்லை. அழும் குழந்தையின் மார்பொலியைக் கேட்டறிவதும் எளிதன்று.

பாப்புவா நியூகினியின் கோரோக்கா மருத்துவமனையில் பணியாற்றிய ஆஸ்திரேலிய மருத்துவர் பிராங்க் ஷானும் குழுவினரும் 1984இல் எளிய வழியொன்றை வெளியிட்டனர். இருமும் குழந்தை நிமிடத்துக்கு 50 முறைக்கு மேல் மூச்சு விட்டால் நுண்ணுயிர் எதிர்ப்பி கொடுக்கலாம். மூச்சை இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி குழிந்தால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

வேலூர் ஆய்வு

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் இந்த அறிகுறிகளைச் சோதித்து 1988இல் முடிவுகளை வெளியிட்டனர். வயது கூடக் கூட இயல்பான மூச்சு வேகம் குறைவதால், ஒரு வயதைக் கடந்தோருக்கு எல்லை 40 ஆக இருப்பதே பொருத்தம் என்று கண்டனர்.

உலக நலவாழ்வு அமைப்பின் வழிகாட்டலில் இந்த எல்லைகள் இடம்பெற்றன:

- 2 மாதத்துக்கு உட்பட்டோர்: 60 அல்லது அதற்கு மேல்
- 2 முதல் 11 மாதம்: 50 அல்லது அதற்கு மேல்
- 1 முதல் 5 வயது: 40 அல்லது அதற்கு மேல்

குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். வேக மூச்சும் மார்புக் குழிவும் பிற ஆபத்து அறிகுறிகளும் இல்லையெனில் அது வெறும் சளி. அதற்கு நுண்ணுயிர் எதிர்ப்பி வேண்டியதில்லை.

கிராமங்களில்

மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் குழுவினர் கிராம நலப் பணியாளர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் இம்முறையைக் கற்பித்தனர். 1990இல் வெளியான அவர்களது ஆய்வில், பயிற்சி நடந்த கிராமங்களில் நிமோனியா இறப்பு மற்றக் கிராமங்களில் இருந்ததில் ஏறத்தாழப் பாதியே. எழுத்தறியாதோரும் எண்ணுவதற்காக மணிகளும் ஒரு நிமிட மணற்கடிகையும் கொண்ட கருவியையும் அவர்கள் உருவாக்கினர்.

பிற்கால மாற்றங்கள்

மார்புக் குழிவு கண்ட குழந்தைகளுக்கு ஊசி மருந்தே தேவை என்று முன்பு கருதப்பட்டது. வீட்டிலேயே வாய்வழி அமாக்சிசிலின் கொடுப்பதும் அதற்கு இணையான பலன் தருவதாக 2008இல் பாக்கிஸ்தான் ஆய்வு காட்டியது. 2014இல் உலக நலவாழ்வு அமைப்பு தன் வழிகாட்டலை அவ்வாறே திருத்தியது. பால் குடிக்க இயலாமை, வலிப்பு, மயக்கம் போன்ற ஆபத்து அறிகுறிகள் இருந்தால் மட்டும் மருத்துவமனையில் சேர்ப்பது இன்றும் கட்டாயம். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி இப்போது துணைக்கு வந்துள்ளது. ஆயினும் சிற்றூர்ப் பணியாளர் முதலில் செய்வது குழந்தையின் சட்டையை உயர்த்தி மூச்சை எண்ணுவதே ஆகும்.