ஃபேப்ரி நோய்

பெயர்ச்சொல். ஜெர்மனியின் தோல் மருத்துவர் யோஹான்னஸ் ஃபேப்ரியின் பெயரால் வந்தது. 1898இல் அவர் 13 வயதுச் சிறுவன் ஒருவனின் உடலில் கருஞ்சிவப்புப் புள்ளிகளைக் கண்டு எழுதினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஆண்டர்சனும் இதே நோயை விவரித்தார். தம் நோயாளியின் சிறுநீரில் புரதம் போவதைப் பார்த்து, இது தோலோடு நிற்கும் நோயல்ல என்று ஐயுற்றவர் அவர். ஆண்டர்சன்-ஃபேப்ரி நோய் என்று சொல்வதே நியாயம்.

எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுப் பிழையால் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ்-ஏ என்ற நொதி குறைகிறது அல்லது இல்லாமலே போகிறது. அது சிதைக்க வேண்டிய கொழுப்பு, செல்லுக்குள் இருக்கும் லைசோசோம்களில் தேங்குகிறது. சிறுநீரகத்தில் பெரும் சேதம் போடோசைட்டுகளுக்குத்தான். இவை நுண்ணிய கால்களை நீட்டி, வடிகட்டும் ரத்த நாளங்களைப் பற்றிக்கொண்டிருக்கும் செல்கள். இறந்தால் ஈடுசெய்யப் புதியவை எளிதில் பிறப்பதில்லை. கொழுப்பு நிறைந்து இவை வீங்க, கால்கள் சுருங்கிப் பிடி விடுகிறது; புரதம் ஒழுகுகிறது; வடிகட்டிகள் தழும்பேறுகின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்தத் தேக்கம் வரிக்குதிரைக் கோடுகளாகத் தெரியும்.

சிகிச்சை பெறாத ஆண்கள் பலருக்கு நடுவயதிலேயே டயாலிசிஸ் தேவைப்படுகிறது. பெண்களை வெறும் கடத்திகள் என்று ஒதுக்குவது தவறு; அவர்களுக்கும் சிறுநீரகம், இதயம் பாதிக்கப்படலாம். குறைபட்ட நொதியை ஊசிவழி செலுத்தும் சிகிச்சை 2001 முதல் ஐரோப்பாவில் உண்டு. தழும்பேறிய வடிகட்டியை அதனால் மீட்க முடியாது. ஆகவே, இந்நோயின் அறிகுறிகளான கைகால் எரிச்சலும் வியர்வைக் குறைவும் சிறுவயதில் சேர்ந்து வந்தால், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும்.